மாரடைப்புக்குப் பிறகு இதயத்துக்குத் துணைப் பம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு வந்தவரை, இதயக் குழாய் அடைப்பை நீக்கும் அறையான கேத் லேபுக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வெளியே வருவார். "பிரஷர் நிற்கவில்லை, பம்ப் வைக்க வேண்டியிருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்" என்பார். விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. நிதானமாகக் கேட்டுக்கொள்ளும் நிலையில் வெளியே நிற்பவரும் இருக்க மாட்டார். அப்போது கேட்காமல் விட்ட கேள்விகள் மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொன்றாக வரும். இதய ஐசியுவில் வேலை செய்கிற எங்களிடம் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பம்ப் என்றால் செயற்கை இதயமா? இதயத்தை எடுத்துவிடுவார்களா?

எடுக்க மாட்டார்கள். இதயம் இருந்த இடத்திலேயே இருக்கும், துடித்துக்கொண்டும் இருக்கும். பெரும்பாலும் தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாய் வழியாக ஒரு கருவியை உள்ளே செலுத்தி, இதயம் செய்கிற வேலையில் ஒரு பங்கை அதனிடம் ஒப்படைக்கிறார்கள். மாரடைப்பு அவசரத்தில் காதில் விழும் பெயர்கள் பெரும்பாலும் மூன்றுதான்: பலூன் பம்ப், இம்பெல்லா, எக்மோ. மூன்றுமே தற்காலிகமானவை.

அடைப்பைத்தான் நீக்கி ஸ்டென்ட் வைத்துவிட்டார்களே, பிறகு எதற்குப் பம்ப்?

அடைப்பு நீங்கியதும் ரத்தம் ஓடத் தொடங்குகிறது, ஆனால் தசை உடனே வேலைக்குத் திரும்புவதில்லை. மாரடைப்பில் ஒரு பகுதி தசை இறந்துபோகிறது. அதைச் சுற்றி இன்னொரு பகுதி உயிரோடு இருந்தும் சுருங்க மறுத்து மயங்கிக் கிடக்கிறது. ரத்தம் திரும்பிய பிறகும் இந்த மயக்கம் தெளியச் சில நாட்கள் ஆகலாம், சிலருக்கு வாரங்களும் ஆகும். அந்த இடைவெளியில் உடலுக்கு ரத்தம் போதாமல் போனால் சிறுநீரகமும் கல்லீரலும் மூளையும் சேர்ந்தே பழுதாகும். அதைத் தடுக்கத்தான் பம்ப்.

இறந்த தசையை எந்தப் பம்பும் எழுப்பாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஷாக் ஆகிவிட்டார் என்கிறார்கள். பயத்தினால் வந்த அதிர்ச்சியா?

இல்லை. அந்தச் சொல் செய்கிற குழப்பம் கொஞ்சமல்ல. மருத்துவர்கள் இங்கே சொல்வது, இதயம் தள்ளும் ரத்தம் உறுப்புகளுக்குப் போதாத நிலை. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழே இறங்கும், அல்லது மருந்து கொடுத்தால்தான் நிற்கும். கைகால்கள் சில்லிட்டு வியர்க்கும், சிறுநீர் குறையும், பேச்சு தடுமாறும், ஆக்சிஜன் போதாதபோது திசுக்களில் உண்டாகும் லாக்டேட் ரத்தத்தில் ஏறும். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் பேர் இந்த நிலைக்குப் போகிறார்கள். அவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்களை இன்றும் காப்பாற்ற முடிவதில்லை. பம்ப் பற்றிய எல்லாப் பேச்சும் இந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது.

இதயத்துக்கு ஓய்வு கொடுத்தால் உண்மையிலேயே சேதம் குறையுமா?

இந்தத் துறை முழுவதும் நிற்பது இந்தக் கேள்வியின் மேல்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உடலின் மற்ற உறுப்புகள் தம்மிடம் வரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனில் கால் பங்கு அளவே எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. தேவை கூடினால் அந்த மிச்சத்தில் கைவைக்கலாம். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. சும்மா இருக்கும்போதே வருவதில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துவிடுகிறது. கையிருப்பு என்று ஒன்று கிடையாது. கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடலுக்கு ரத்தத்தைத் தள்ளும் இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. அதனால் அதன் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் சுருங்கி முடித்து விரியும் நேரத்தில்தான் போகிறது. மாரடைப்பில் கீழறை ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் உப்பிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும், சுவரின் இழுவிசை கூடும், ஆக்சிஜன் தேவையும் கூடவே ஏறும். அதே அழுத்தம் உட்பக்கத்துத் தசைக்கு வரும் ரத்தத்தையும் தடுக்கிறது. செலவு கூடும்போதே வரவு குறைவது போன்ற நிலை.

தசை ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை. ரெய்மர், ஜென்னிங்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களின் இதயத்தில் ஒரு தமனியைக் கட்டிவைத்துப் பார்த்ததை 1977இல் வெளியிட்டார்கள். 40 நிமிடத்தில் அவிழ்த்துவிட்டால் ஆபத்திலிருந்த தசையில் 38 சதவீதம் இறந்திருந்தது. 3 மணி நேரம் கழித்து அவிழ்த்தால் 57 சதவீதம். சாவு உட்சுவரில் தொடங்கி வெளிச்சுவரை நோக்கி அலைபோலப் பரவுகிறது. மனித இதயத்தில் கணக்கு இதே எண்களில் வராது, ஆனால் திசை இதுதான். அந்த அலை வெளிச்சுவரை எட்டுமுன் அடைப்பை எடுக்க வேண்டும், அதுவரை கீழறையின் சுமையைக் குறைத்துவைத்தால் அலை மெதுவாக நகரும் என்பதே இந்தச் சிகிச்சையின் தர்க்கம்.

தர்க்கம் அழகாக இருக்கிறது. மருத்துவத்தில் அது மட்டும் போதாது என்பதைக் கீழே வரும் சில பதில்களில் பார்ப்பீர்கள்.

பலூன் பம்ப் எப்படி வேலை செய்கிறது?

நீளமான, ஒல்லியான ஒரு பலூன். பெரியவர்களுக்கு வழக்கமாக 40 மில்லிலிட்டர் கொள்ளளவு. தொடைத் தமனி வழியாக மேலே கொண்டுபோய், மார்புக்குள் இறங்கிவரும் பெருந்தமனியில் நிறுத்துகிறார்கள். இதயம் விரியும்போது பலூன் சட்டென உப்பும், பெருந்தமனியில் இருக்கும் ரத்தம் முன்னும் பின்னும் தள்ளப்பட்டு இதயத் தமனிகளுக்குக் கூடுதலாகப் போகும். இதயம் சுருங்கப் போகும் நொடியில் பலூன் சுருங்கிவிடும். அங்கே ஒரு வெற்றிடம் போல ஏற்படுவதால் இதயம் குறைந்த எதிர்ப்பில் ரத்தத்தைத் தள்ள முடிகிறது.

ஒவ்வொரு துடிப்புக்கும் இது நடக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 துடிப்பு என்றால் 100 முறை உப்பி 100 முறை வடிய வேண்டும். அதற்காகத்தான் ஹீலியம். மிக லேசான வாயு என்பதால் மெல்லிய குழாய்க்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்வருகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெட்டியிலிருந்து வரும் டப், டப் என்ற ஓசை அதுதான்.

இந்த எண்ணம் 1960களின் தொடக்கத்தில் உருவானது. நோயாளிகளுக்கு முதலில் வைத்துப் பார்த்தவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ், 1967இல். இதயம் ஓரளவாவது வேலை செய்தால்தான் பலூனால் உதவ முடியும். நிமிடத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கூடுதல் ஓட்டம், அவ்வளவுதான்.

பலூனால் பயனில்லை என்று ஆய்வு சொல்கிறதாமே?

பாதி உண்மை. ஜெர்மனியில் மாரடைப்பு ஷாக்கில் இருந்த 600 பேரிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. 30 நாளில் இறந்தவர்கள் பலூன் வைத்த குழுவில் 39.7 சதவீதம், வைக்காத குழுவில் 41.3 சதவீதம். வேறுபாடு இல்லை என்றுதான் அதற்குப் பொருள். அதற்கு முந்தைய ஆண்டு, ஷாக் இல்லாத, ஆனால் முன்சுவர் பெரிதாகத் தாக்கப்பட்ட 337 பேரிடம் இன்னொரு ஆய்வு. பலூன் வைத்தவர்களின் தசைச் சேதம் கீழறையில் 42.1 சதவீதம், வைக்காதவர்களுக்கு 37.5. புள்ளியியல்படி இதையும் வேறுபாடு என்று சொல்ல முடியாது. ஆனால் சேதம் குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த எண்ணைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்! நாற்பது ஆண்டுக்கும் மேலாக நம்பிக்கையோடு வைத்துவந்த கருவி அது.

அதன்பிறகு எல்லா மாரடைப்பு ஷாக்குக்கும் வழக்கமாகப் பலூன் வைக்கும் பழக்கத்தை ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்கள் கைவிடச் சொல்லிவிட்டன. ஆனால் மாரடைப்பில் இதயத்தின் நடுச்சுவர் கிழிந்துபோனாலோ, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசை அறுந்துபோனாலோ, அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகும்வரை தாங்கிப் பிடிக்கப் பலூன் இன்றும் கைகொடுக்கிறது.

இம்பெல்லா என்பது வேறா?

முற்றிலும் வேறு. பலூன் ரத்தத்தை அசைக்கிறது, இம்பெல்லா ரத்தத்தை இறைக்கிறது. தொடைத் தமனியில் நுழைந்து, பெருந்தமனி வால்வைத் தாண்டி, அதன் நுனி இடது கீழறைக்குள் போய் உட்காரும். உள்ளே இருக்கும் சிறு திருகு சுழன்று கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி, வால்வுக்கு அப்பால் பெருந்தமனியில் கொட்டும். அவசரத்தில் அதிகம் பயன்படும் வகையின் குழாய் 14 பிரெஞ்ச் அளவு, அதாவது 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன். அந்தத் திருகு நிமிடத்துக்கு 46,000 சுற்று வரை சுழன்று 3 லிட்டருக்கு மேல் ரத்தத்தைத் தள்ளக்கூடியது.

இதற்கு மூத்த அண்ணன் ஒருவர் உண்டு, ஹீமோபம்ப். அதை உருவாக்கிய ரிச்சர்ட் வாம்ப்ளர் எகிப்துக்குப் போனபோது, ஆர்க்கிமிடீஸ் திருகைச் சுழற்றி ஆற்றுநீரை வயலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். ரத்தத்தையும் இப்படி இறைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1988இல் அந்தப் பம்ப் முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தில் சுழன்றது. வயலுக்கு நீர் பாய்ச்சும் கருவியைச் சுண்டுவிரலை விடவும் மெலிதாக்கி இதயத்துக்குள் வைக்கலாம் என்று ஒருவர் நினைத்ததை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும்.

கீழறையை நேரடியாகக் காலி செய்வதால், மேலே சொன்ன 'ஓய்வு' என்ற எண்ணத்துக்கு மிக அருகில் வருவது இதுதான்.

அப்படியென்றால் இம்பெல்லா உயிரைக் காக்கிறதா?

சரியான ஆளுக்கு வைத்தால், ஆம். டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளில் பத்தாண்டு நடந்த ஓர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. 180 நாள் முடிவில், பம்ப் வைத்த 179 பேரில் 82 பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சை பெற்ற 176 பேரில் 103 பேர். சதவீதத்தில் 45.8, 58.5. எட்டு பேருக்கு வைத்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார். ஷாக் சிகிச்சையில் இப்படி ஒரு எண்ணிக்கை அரிது.

அடுத்த வரியையும் படிக்க வேண்டும். நடுத்தரமான அல்லது கடுமையான ரத்தப்போக்கு 21.8 சதவீதம், பம்ப் இல்லாதவர்களுக்கு 11.9. காலுக்கு ரத்தம் போகாமல் போனது 5.6 சதவீதம், பம்ப் இல்லாதவர்களுக்கு 1.1. டயாலிசிஸ் வகைச் சிகிச்சை தேவைப்பட்டது 41.9 சதவீதம், இல்லாதவர்களுக்கு 26.7. உயிர் பிழைத்ததற்குக் கொடுத்த விலை இது.

ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்பதும் முக்கியம். வெளியிடத்தில் இதயம் நின்று, மீட்கப்பட்டும் நினைவு திரும்பாமல் இருந்தவர்கள் அதில் கிடையாது. அவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூளைக்கு ஏற்பட்ட சேதம். இதயப் பம்ப் அதற்கு என்ன செய்ய முடியும்? எனவே 2025ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் 'தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு' என்ற சொற்களோடுதான் இதைப் பரிந்துரைக்கிறது. "பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு வைத்தார்களே, எங்கள் அப்பாவுக்கு ஏன் இல்லை?" என்று கேட்பவர்களுக்கான விடை பெரும்பாலும் அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது.

எக்மோ எல்லாவற்றையும் விடப் பெரிய இயந்திரம்தானே, அதையே வைக்கலாமே?

பெரியது என்பது சரி. பெரியது என்பதாலேயே நல்லதாகிவிடாது. எக்மோ, சிரை வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, தொடைத் தமனி வழியாக உடலுக்குத் திருப்பி அனுப்புகிறது. நுரையீரலும் சேர்ந்து சோர்ந்துவிட்டால், இதயம் நின்றே போய்விட்டால், வேறு எந்தக் கருவியும் இந்த அளவுக்கு உடலைத் தாங்காது.

ஆனால் தொடையிலிருந்து மேல்நோக்கி வரும் அந்த ரத்த ஓட்டம், இதயம் தள்ளும் திசைக்கு எதிர்த்திசையில் வருகிறது. மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் கிடைக்கிறது, அடிபட்ட கீழறைக்கோ சுமை கூடுகிறது. காலில் அடிபட்டவனின் முதுகில் மூட்டையை ஏற்றுவது போல. 2023இல் வெளிவந்த ஆய்வில், கடுமையான மாரடைப்பு ஷாக்கில் இருந்தவர்களில் எக்மோ வைத்தோரில் 47.8 சதவீதமும் வைக்காதோரில் 49 சதவீதமும் 30 நாளில் இறந்தார்கள். ரத்தப்போக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே எல்லோருக்கும் வழக்கமாக வைப்பதில்லை. வைத்தே ஆக வேண்டிய நிலையில், கீழறையைக் காலி செய்யக் கூடவே இம்பெல்லாவையும் வைப்பது உண்டு.

அடைப்பை நீக்கும் முன்பே பம்ப் வைத்துவிட்டால்?

நல்ல கேள்வி, ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். விலங்குகளில், முதலில் கீழறையின் சுமையை இறக்கி அரை மணி கழித்து அடைப்பைத் திறந்தால் சேதம் குறைந்தது. 'நிமிடம் போனால் தசை போகும்' என்று பழகியவர்களுக்கு இது நெஞ்சைப் பிசையும் யோசனை. பிறகு ஷாக் இல்லாத 50 நோயாளிகளிடம் அமெரிக்காவில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் பம்ப் வைத்து, பாதிப் பேருக்கு உடனேயும் மீதிப் பேருக்கு 30 நிமிடம் கழித்தும் அடைப்பை எடுத்தார்கள். அந்தத் தாமதத்தால் சேதம் கூடவில்லை. ஆனால் பம்பே வைக்காத குழு அதில் இல்லை, ஆகவே பம்பால் சேதம் குறைந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒருவர் இதைக் காட்டி "ஆய்வு நிரூபித்துவிட்டது" என்றால் நம்பாதீர்கள்.

ஷாக்கில் இருப்பவருக்குப் பம்பை முதலிலேயே வைப்பது வேறு விஷயம். அங்கே பிரஷர் நின்றால்தான் ஸ்டென்ட் வைக்கவே முடியும். அடைப்பை விரைவாக எடுப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து அந்த இடம் அசையவில்லை: உடனடியாக அடைப்பை நீக்கிய ஷாக் நோயாளிகளில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 50.3 சதவீதம், முதலில் மருந்தால் நிலைநிறுத்தப் பார்த்தவர்களில் 63.1.

ஐசியுவில் நர்ஸ் மணிக்கு மணி காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, ஏன்?

கருவி இருப்பது மார்புக்குள், அதன் வால் இருப்பது தொடையில். அந்தத் தமனி வழியாகத்தான் காலுக்கும் ரத்தம் போக வேண்டும். குழாய் அதில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டால் பாதம் பட்டினி கிடக்கும். அதனால் போர்வையை விலக்கி இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால் முகம் மாறும். கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுவார், வெளுத்த நிறம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று மனத்துக்குள் எண்ணுவார். பாதத்தின் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாடி கிடைக்கும் இடம் அது, இரவில் வருபவர் தேட வேண்டாம் என்று போட்டது.

பலூன் வைத்தவருக்கு இடது கை நாடியையும் பார்ப்பார். பலூன் சற்று மேலே ஏறினால் இடது கைக்குப் போகும் தமனியை மறைக்கும், கீழே இறங்கினால் சிறுநீரகத் தமனிகளை. சிறுநீர் திடீரென்று குறைந்தால் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பலூனின் நுனி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது அதனால்தான். குழாய் இருக்கும் காலை மடக்க விட மாட்டார்கள், தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்த மாட்டார்கள். நோயாளிக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. "காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்கிறேனே" என்று கெஞ்சுவார். நீங்களும் அவருக்காகப் பரிந்து பேசாதீர்கள்.

சிறுநீர் கறுத்துப்போயிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

சொல்ல வேண்டும், உடனே. வேகமாகச் சுழலும் திருகில் சிவப்பணுக்கள் உடைந்தால் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்குப் போகும். பெரும்பாலும் கருவி சற்று இடம் மாறி கீழறைச் சுவரை உறிஞ்சுவதுதான் காரணமாக இருக்கும். எக்கோவில், அதாவது இதயத்தின் ஸ்கேனில் பார்த்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் பல நேரம் சரியாகிவிடும்.

கையில் நாடியே தெரியவில்லை, ஆனால் பேசுகிறார்!

இம்பெல்லாவும் எக்மோவும் துடிப்புத் துடிப்பாக அனுப்புவதில்லை, ஆற்றொழுக்காக அனுப்புகின்றன. இதயம் மிகவும் சோர்ந்திருந்தால் நாடி தட்டையாகிவிடும். மானிட்டரில் கோடு மலைமலையாக இல்லாமல் மெல்லிய அலையாக ஓடும். தசையின் மயக்கம் தெளிந்து மலைகள் திரும்ப எழுவதைப் பார்ப்பது ஐசியுவில் கிடைக்கும் சின்னச் சந்தோஷங்களில் ஒன்று.

மின்சாரம் போனால்?

எல்லாக் கருவிகளிலும் பேட்டரி உண்டு.

யாருக்கு வைக்க முடியாது?

பெருந்தமனி வால்வு நன்றாகக் கசிந்தால் பலூன் கூடாது, உப்பும்போதெல்லாம் ரத்தம் கீழறைக்கே திரும்பிப்போகும். பெருந்தமனிச் சுவர் பிளந்திருந்தாலும் கூடாது. பெருந்தமனி வால்வின் இடத்தில் உலோக வால்வு பொருத்தியிருந்தால் இம்பெல்லாவை நுழைக்க முடியாது. கீழறைக்குள் ரத்தக்கட்டி இருந்தாலும் அப்படியே, உறிஞ்சப்பட்ட கட்டி மூளைக்குப் போகலாம். இரண்டு கால் தமனிகளும் சுருங்கிச் சுண்ணாம்பு படிந்திருந்தால் எதையும் தொடை வழியாக ஏற்றுவது கடினம், தோள்பட்டைத் தமனியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

எத்தனை நாள் இருக்கும்? எப்படி எடுப்பார்கள்?

பெரும்பாலும் சில நாட்கள். திடீரென்று எடுப்பதில்லை. பலூனை ஒவ்வொரு துடிப்புக்கும் என்பதிலிருந்து இரண்டு துடிப்புக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று குறைப்பார்கள். இம்பெல்லாவின் வேகத்தைப் படிப்படியாக இறக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் பிரஷர், சிறுநீர், லாக்டேட், எக்கோ நான்கையும் பார்த்து, இதயம் தானாகச் சமாளித்தால் அடுத்த படி. சுமை தாங்காமல் திணறினால் பழைய அளவுக்குத் திரும்புவார்கள். இப்படி ஓர் இரவில் திரும்பிவிட்டால் தோல்வி என்று எண்ண வேண்டாம், மறுநாள் முயல்வார்கள்.

எடுக்கவே முடியாமல் போனால்?

மயங்கிய தசை எழவில்லை, இறந்த பகுதி அதிகம் என்று அதற்குப் பொருள். அப்போது மூன்று வழிகள். மார்பைத் திறந்து நிரந்தரமாகப் பொருத்தும் கீழறைத் துணைப் பம்ப், பேட்டரியை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் உண்டு. இரண்டாவது, இதய மாற்று. வயதும் மற்ற உறுப்புகளும் மூளையும் இடம் கொடுக்காதபோது மூன்றாவது வழிதான் மிஞ்சும்: பம்பை நிறுத்துவது. தற்காலிகப் பம்ப் ஒரு பாலம். அக்கரை இல்லாவிட்டால் பாலத்திலேயே ஒருவரைப் படுக்க வைத்திருப்பது அவருக்குச் செய்யும் உதவி அல்ல. இந்தப் பேச்சைக் கடைசி நாளில் எடுப்பதை விட முதல் இரண்டு மூன்று நாளிலேயே எடுக்கும் மருத்துவரை நான் மதிப்பேன்.

கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

நேரம் இருக்காது, எனவே மூன்றே கேள்விகள். எந்தப் பம்ப், ஏன் இது? அடைப்பை எடுத்தாயிற்றா, எடுக்கப் போகிறீர்களா? நினைவு எப்படி இருக்கிறது? மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரவு கழிந்ததும் நான்காவதாக ஒன்றைக் கேளுங்கள்: லாக்டேட் இறங்குகிறதா? இறங்குகிறது என்று நர்ஸ் சொன்னால் நீங்கள் போய் ஒரு மணி நேரமாவது தூங்கலாம்.